இரண்டு கரண்டித் தண்ணீர்

ஜன்னல் வெயிலில் காலையிலிருந்து இரண்டு கரண்டிகள் காய்கின்றன. ஒன்றில் குடிக்கிற கேன் தண்ணீர், மற்றதில் மருந்துக்கடையில் வாங்கிய டிஸ்டில்டு வாட்டர். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் கணவருக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த, முகமூடி வழியாக ஈரக்காற்று ஊதும் மெஷினின் தண்ணீர்த் தொட்டி அவள் கையில் இருக்கிறது. அதன் அடியில் வெள்ளையாக உப்பு படிந்திருக்கிறது. அவர் பஸ் டிரைவர். போன மாதம் சிக்னலில் ஸ்டியரிங் மேலேயே கண்ணயர்ந்துவிட்டார். ராத்திரி தவறாமல் இந்த மெஷினை மாட்டித் தூங்கினால்தான் மறுபடி பஸ்ஸைத் தருவார்கள்.

“குடிக்கிற தண்ணி போதாதா? இது பேட்டரிக்கு ஊத்துற தண்ணியாச்சே,” என்கிறார்.

“பேட்டரிக்கே பார்த்துப் பார்த்து ஊத்துறீங்க. உங்களுக்கு மட்டும் ஏனோதானோவா?”

கரண்டிகளை அவர் முன்னால் நீட்டுகிறாள். ஒன்றில் வெள்ளை வளையம். மற்றது துடைத்துவிட்டதுபோல் பளபளக்கிறது. அவர் கட்டைவிரலால் வளையத்தைத் தேய்க்கிறார். அது போகவில்லை. தொட்டியை வாங்கி, வினிகர் விட்டுக் கழுவி, புது பாட்டிலைத் திறந்து, குனிந்து கோடு பார்த்து நிரப்புகிறார்.

“எத்தனை மணி நேரம் மாட்டினேன்னு மெஷினே கணக்கு காட்டும்ல?”

“காட்டும்.”

“எட்டு மணி நேரம்னு காட்டட்டும்,” என்று மூடியை அழுத்தி மூடுகிறார்.