கூடத்துக் கடிகாரம்

அழைப்பு மணி அலறியதும் அதை அழுத்திய சிவக்கொழுந்துதான் திடுக்கிட்டார். ஏல வீடு வாங்கக் கற்றுத்தரும் வகுப்பில் சொன்னபடி, வங்கி ஊழியரோடு வீட்டைப் பார்க்க வந்திருந்தார். ஏல அறிவிப்பில் இருந்தது நண்பன் தணிகாசலத்தின் பெயர். தெரிந்தேதான் வந்தார், அடையாளம் தெரியாமலிருக்க முகக்கவசம் போட்டிருந்தார். சுவர்களைத் தட்டினார், குழாய்களைத் திறந்து பார்த்தார். குடியிருப்பவர் முகத்தைப் பார்க்கக் கூடாது என்பது வகுப்பின் முதல் பாடம். பார்க்கவில்லை. கூடத்தில் மட்டும் கால் நின்றுவிட்டது. கிரகப்பிரவேசத்துக்கு அவர் கொடுத்த கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் சிவப்பு எழுத்தில் அவர் பெயர். தணிகாசலத்தின் மனைவி எட்டி, புடவைத் தலைப்பால் அதைத் துடைத்தாள்.

“மத்ததெல்லாம் ஒழிச்சுக் கொடுத்துடுறோம்ண்ணே. இது இங்கயே இருக்கட்டும், உங்க பேருதானே போட்டிருக்கு.”