கோழி பார்த்த பக்கம்

சுழல்மேசை நடுவே இருந்த வேகவைத்த முழுக்கோழியின் தலை எங் சியோங்கை நேருக்கு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது. அலகு சரியாக அவர் நெஞ்சுக்கு எதிரே நின்றது. பக்கத்து மேசைக்காரர்களோடு கோப்பையை மோதிவிட்டு எல்லாரோடும் அப்போதுதான் வந்து உட்கார்ந்தவர், பீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

வருஷக் கடைசி விருந்தில் கோழித் தலை யாரைப் பார்க்கிறதோ அவருக்குச் சீனப் புத்தாண்டுக்குப் பிறகு வேலை இல்லை. முகத்துக்கு நேரே "நீ போ" என்று சொல்லக் கூசுகிற முதலாளிக்காக அந்தப் பாவத்தைக் கோழி சுமக்கும். அதனாலேயே எங் சியோங் வேலை பார்க்கும் இந்தக் கருவாட்டுக் கடை விருந்தில் மட்டும், பெரிய முதலாளி காலத்திலிருந்து, தலை முதலாளியைப் பார்த்தபடிதான் இருக்கும். மற்றவர்கள் நிம்மதியாகச் சாப்பிடட்டுமே என்று அவர் செய்த ஏற்பாடு.

பெரிய முதலாளி போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது அவர் மகன் வெய் கியட் எதிரே உட்கார்ந்து இறாலை உரித்துக்கொண்டிருந்தான்.

எல்லாரும் கோப்பையோடு எழுந்து போனபோதும் நாற்காலியை விட்டு எழாத மனைவி கிம் லூவான், அந்தப் பக்கம் இருந்த சூப் பாத்திரத்தைச் சுழல்மேசையில் தன் பக்கம் வரவழைத்து, புருஷன் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள். "ஆறிடப் போகுது, குடிங்க."

"எவன் குடிப்பான் இந்தச் சூப்பை" என்று கிண்ணத்தைத் தள்ளினார் எங் சியோங். "என்னடா வெய் கியட், உங்கப்பன் இருந்தா இப்படி நடக்குமா?"

எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். ஆட்கள் முன்னால் அவர் அவனை, முதலாளி என்கிற மரியாதையில், 'தௌக்கே' என்றுதான் கூப்பிடுவார். இன்றைக்குத்தான் பெயர் சொன்னார், அதுவும் 'டா' போட்டு.

"என்ன பெரியப்பா, என்ன ஆச்சு?" என்று, உறவில்லாவிட்டாலும் சிறுவயதிலிருந்து கூப்பிடும் முறையிலேயே கேட்டவன், அவர் பார்வை போன பக்கம் பார்த்தான். கோழியைக் கண்டதும் முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, சத்தியமா நான் இல்ல பெரியப்பா. பரிமாறினவங்க யாராச்சும் தெரியாம திருப்பியிருப்பாங்க."

"பழியைத் தூக்கி அடுத்தவன் தலையில போடு. உன் மூக்கைத் துடைச்சுவிட்ட கைடா இது. வயசாயிடுச்சு, போயிடுன்னு வாயால சொல்லத் துப்பில்லாம கோழியை விட்டுச் சொல்றியா?"

மூட்டை கட்டும் பூன் ஹொக் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "அதுக்கு ஏன் இவ்வளவு கோபம் பெரியவரே? எழுபது தாண்டியாச்சு. வீட்டுல உக்காந்து பேரப் புள்ளைங்களைப் பாருங்களேன்" என்றான்.

எரிகிற கொள்ளியில் எண்ணெய் விழுந்தது. "எப்படா இவன் எந்திரிப்பான், அந்த நாற்காலியில உக்காரலாம்னு காத்திருக்கிற கொக்குடா நீ. உக்காரு. நல்லா உக்காரு."

இடுப்பிலிருந்த கடைச் சாவிக் கொத்தை உருவிக் கோழித் தட்டிலேயே எறிந்தார். சாறு தெறித்து வெய் கியட்டின் வெள்ளைச் சட்டையெல்லாம் கறையானது. "இனிமே அந்தக் கடை வாசலை மிதிச்சேன்னா, நான் எங்கப்பனுக்குப் பொறந்தவன் இல்ல. எல்லாரும் கேட்டுக்குங்க."

"பெரியப்பா, நீங்க இல்லாம எனக்குக் கடை நடத்தவே தெரியாது" என்று எழுந்து ஓடிவந்தான் வெய் கியட். அவன் கையை உதறிவிட்டு அவர் வெளியே நடந்தார். கிம் லூவான் எல்லாருக்கும் தலையாட்டி விடைபெற்றுக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தபோது இடுப்பு சுரீரென்றது. போன மாதம் கடைப் பரணில் ஏறி, ஏணியோடு விழுந்த அடி. விஷயம் தெரிந்தால் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்று அதைக் கடையில் மூச்சுவிடாமல் மறைத்திருந்தார். இனிமேல் போகாதீர்கள், இன்னொரு தடவை விழுந்தால் பிணமாகத்தான் தூக்கி வருவார்கள் என்று கிம் லூவான் அழுது பார்த்தாள், சண்டை போட்டும் பார்த்தாள். அவர் காதில் போட்டுக்கொண்டால்தானே.

"நான் விழுந்தது அவனுக்கு எப்படியோ தெரிஞ்சிருக்கு" என்று பல்லைக் கடித்தார். "நீ போய்ச் சொன்னியா?"

"நான் ஒரு வார்த்தை சொல்லல. அதான் சத்தியம் வாங்கிட்டீங்களே."

"நன்றி கெட்ட பய. கோழியைக் காட்டுறான் கோழியை." கொஞ்ச நேரம் வைதுகொண்டே இருந்தார். வையவைய சுருதி இறங்கியது. "ஆனா கண்ணு கலங்கிட்டான், பார்த்தியா? நடிக்கிறவன் மூஞ்சி அப்படி இருக்காது. நாளைக்கு ஒரு நடை போய்க் கேட்டுட்டு வரட்டுமா?"

"அப்பனுக்குப் பொறந்தவன் இல்லன்னு அத்தனை பேர் முன்னால சொல்லிட்டு, எந்த முகத்தோட போவீங்க?"

சாவிக் கொத்து தொங்கிய இடுப்பைத் தடவிப் பார்த்தார். ஆத்திரத்தில் தன் கையாலேயே தன் பிழைப்பை எறிந்துவிட்டோம், அதை எடுக்கவும் வழியில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"அவனும் செய்யல, பரிமாறினவங்களுக்கும் அந்தத் தைரியம் வராது" என்று முனகினார். "பின்ன அந்தச் சனியன் புடிச்ச கோழி தானாவா என் பக்கம் திரும்பும்?"

தூரத்தில் பஸ் வெளிச்சம் தெரிந்தது. கிம் லூவான் எழுந்து, அவர் கையைத் தன் தோள்மேல் போட்டுக்கொண்டாள்.

"வாயைத் திறக்க மாட்டேன்னுதான் சத்தியம் பண்ணேன். கோழியைத் திருப்ப மாட்டேன்னு பண்ணலையே."