பிடிபடாத முகம்

"மூக்கு இப்படி இல்ல சார். இன்னும் கூர்மையா இருக்கும்" என்றாள் நர்ஸ்.

ஓவியர் அழித்துவிட்டு மறுபடி வரைந்தார். மூக்கு முன்பைவிட மழுங்கிப்போனது.

எதிரே இன்ஸ்பெக்டர் நாற்காலியில் நெளிந்தார். சாட்சி சொல்லி முடிப்பதற்குள் ஓவியரின் பென்சில் ஆளைப் பிடித்துவிடும் என்று ஸ்டேஷனில் பேர். இன்று என்னவோ, ஒரு சின்னப் பெண்ணின் முகம் கைக்குள் அடங்க மாட்டேன் என்கிறது.

"இன்னொரு தடவை சொல்லும்மா."

"ஆஸ்பத்திரி வாசல் பெஞ்சுல குழந்தையைப் படுக்க வச்சா சார். சால்வையைப் போத்திட்டுக் கொஞ்ச தூரம் போனா. திரும்பி வந்து குனிஞ்சு பார்த்தா. நான் கூப்பிட்டதும் அழுதுட்டே ஓடிட்டா. இடது புருவத்துல தழும்பு. கன்னத்துல குழி."

"குழந்தை பால் குடிக்குதாம்மா?" என்றார் ஓவியர்.

"நல்லா குடிக்குது. பொண் குழந்தை. அழுதா வார்டையே கூட்டிடுது."

"யார் தூக்கி வச்சுக்கிறாங்க?"

"சார், அம்மாவை வரையச் சொன்னா குழந்தையை விசாரிக்கிறீங்களே!" இன்ஸ்பெக்டருக்கு எரிச்சல்.

ஓவியர் குனிந்துகொண்டார். தழும்பை வலது புருவத்தில் போட்டார். நர்ஸ் திருத்தினாள். கன்னக் குழியை மறந்தார். அதையும் அவளே ஞாபகப்படுத்தினாள். கடைசியில் தாளில் இருந்தது யாரோ ஒருத்தி.

நர்ஸ் உதட்டைப் பிதுக்கினாள். "இது அவ இல்ல சார்."

"வயசாகுது. கை சொன்ன பேச்சு கேட்கல."

"விடுங்க சார். நாளைக்கு வேற ஆளை வச்சுப் பார்க்கிறேன்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அந்தப் பொண்ணு கிடைச்சா என்ன பண்ணுவீங்க?"

"கேஸ்தான். தானா வந்து குழந்தையைக் கேட்டா, பேசி ஏதாவது வழி பண்ணலாம். எங்க வரப்போறா?"

ஓவியர் பென்சில்களை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். வீட்டுக்குப் போகும் பஸ் வந்தது. ஏறவில்லை. அடுத்த பஸ்ஸில் ஏறி, ஊரின் மறுகோடியில் இறங்கி, ஒரு மாடி அறையின் கதவைத் தட்டினார்.

வேலை தலைக்கு மேல் கிடக்கிறது என்று மாதக்கணக்கில் வீட்டுப் பக்கமே வராத மகள், கதவைத் திறந்ததும் ஓரடி பின்வாங்கினாள்.

"அப்பா... நீங்க எங்க இங்க?"

"என் பேத்தி நல்லா இருக்காளாம்" என்றார் அவர். "செருப்பைப் போடும்மா, போய்க் கூட்டிட்டு வந்துடலாம்."