வலது காது

அந்தக் குளிர்தேசத்து மெட்டல் இசைக்குழுவைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தவள் மஞ்சரிதான். வீட்டில் இளம்பரிதியின் அம்மாவுக்கு அந்த இரைச்சல் ஆகாது. அதனால் புருஷனும் பெண்டாட்டியும் வேலைக்குப் போகும் மின்சார ரயிலில்தான் கேட்பார்கள். ஒரே இயர்போன், இடது காது அவனுக்கு, வலது அவளுக்கு.

அக்குழுவின் இரண்டாவது கித்தார்காரன் சுத்த தண்டம் என்பது அவன் கட்சி. "சும்மா நின்னு தலைய ஆட்டுறான். அதுக்கு ஒரு ஆளா?"

"மத்தவங்க எல்லாம் கத்துறாங்க. அவன் ஒருத்தன்தான்டா அழுறான். உனக்குக் காதே இல்ல" என்பாள். இதற்காகவே ஒருநாள் தாம்பரம்வரை பேசாமல் வந்தார்கள்.

மஞ்சரியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று, ஜன்னலோரம் உட்கார்ந்து பாட்டைப் போட்டான். வலது பக்கத்து வயர் மடியில் தொங்கியது. அதை அவன் ஒருநாளும் மாட்டியதில்லை. வெகுநேரம் பார்த்துவிட்டு எடுத்துக் காதில் வைத்தான்.

அதே பாட்டுதான். ஆனால் வலது காதில், அவன் இதுவரை கேட்டேயிராத ஒரு கித்தார் தன்னந்தனியாக அழுதுகொண்டிருந்தது.

இடது பக்கத்தைக் கழற்றி, பக்கத்துக் காலி இருக்கையின் பக்கம் நீட்டிப் பிடித்தான்.

"சார், இங்க ஆள் வருதா?" என்றார் நின்றிருந்தவர்.