வெறுங்கால் வைத்தியம்

பூங்காப் புல்தரை ஓரத்தில் மகுடபதி கழற்றிவிட்ட செருப்புக்கு மனசே ஆறவில்லை. ஊர் முள்ளையெல்லாம் தாங்கியது அது. ஆனால் வெறுங்காலோடு புல்லில் நடந்தால் நோயே அண்டாதென்று யாரோ சொல்லிவிட்டார்களாம்!

அப்போது புல்லுக்குள்ளிருந்து ஒரு கொக்கிப்புழு தலைநீட்டியது.

"அக்கா, வீட்டுக்குப் போகணும். வழி சொல்லுங்களேன்."

"எந்த வீடு?"

"மஞ்சள் கேட் போட்ட வீடு. அங்க பிங்கின்னு ஒரு நாய் இருக்கே, அது வயித்துலதான் எங்க குடும்பம். போன வாரம் பிங்கி இங்க ஒதுங்கினப்போ முட்டையா விழுந்துட்டேன். கயித்தைப் பிடிச்சிருந்தவர் அள்ளாம, வானத்தைப் பார்த்துக்கிட்டே நின்னார்."

செருப்புக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது தன் வீடுதான்! "ஐயோ, வேண்டாம்" என்று அது கத்துவதற்குள் மகுடபதியின் பாதம் பக்கத்தில் பதிந்தது. புழு தொற்றிக்கொண்டு தோலுக்குள் நுழைந்துவிட்டது.

மகுடபதி உள்ளங்காலைச் சொறிந்துகொண்டே செருப்பை மாட்டினார். வாசலில் இருந்த வாட்ச்மேனிடம், "தெருநாயை எல்லாம் உள்ள விட்டா பூங்கா எப்படிய்யா சுத்தமா இருக்கும்?" என்று எகிறினார்.

பாதத்துக்குள்ளிருந்து புழு கிசுகிசுத்தது.

"கோபக்காரர்தான், ஆனா தங்கமான மனுஷன்க்கா. கொண்டாந்து விட்டவரே வந்து கூட்டிக்கிட்டும் போறாரே!"