எதிரணி

"தைலமரம் வேண்டுமா, வேண்டாமா?" திருமயம் பக்கத்துப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை சுபா வைத்த பட்டிமன்றம். சீட்டுக் குலுக்கியதில் யாழினிக்கு 'வேண்டும்' அணி வந்தது. ஒரே வாரத்தில் அவள் அப்பா அடைக்கலம் வந்து நின்றார்.

"அவள எதிரணிக்கு மாத்திவிடுங்க டீச்சர். தைலமரம் தண்ணிய உறிஞ்சிரும்."

"அது யாழினிக்கும் தெரியுங்க. போட்டிக்காகத்தான் பேசுறா. அவ அதை நம்பிற மாட்டா."

"அவ நம்பலைங்க. தெனமும் வீட்ல ஒத்திகை பாத்தாள்ல, அதக் கேட்டு என் சம்சாரம் நம்பிருச்சு. கடலை போடுற ரெண்டு ஏக்கருக்கும் தைலமரக் கன்னு வேணும்னு நர்சரியில சொல்லிவச்சிருச்சு!"

சுபா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "நீங்க எடுத்துச் சொல்லலாமே?"

அடைக்கலம் தலையைச் சொறிந்தார்.

"ஒத்திகையில எதிரணியே நாந்தாங்க டீச்சர். தோத்துட்டேன்."