ஏழு வாரப் பட்டினி

செத்த எலியின் தலையை ஹேர் டிரையரால் சூடாக்கி, நீண்ட இடுக்கியில் பிடித்து, கண்ணாடிப் பெட்டிக்குள் மெல்ல நீட்டினாள் ஹெஸ்டர்.

ட்ரீனா ஒரே ஒரு முறை நாக்கை நீட்டியது. பிறகு, வேண்டாத விருந்தாளியைக் கண்டு கதவைச் சாத்துவதுபோல, தலையைச் சுருளுக்குள் இழுத்துக்கொண்டது.

இது ஏழாவது வாரம்.

"தின்னுடி, எருமை," என்றாள் ஹெஸ்டர். "உனக்காக வேணாம், எனக்காகத் தின்னு."

ஆகஸ்டில் விவாகரத்து ஆனபோது நீதிமன்றம் அவளுக்குக் கொடுத்தது சிறு ஜாதியைச் சேர்ந்த இந்த ஒரு பெண் மலைப்பாம்பைத்தான். மற்ற அறுபது பாம்புகளும், அவை வசித்த இழுப்பறைகளும், பாம்பு வளர்ப்பது அவனுடைய தொழில் என்று முன்னாள் கணவன் ஃபானிக்கே போய்விட்டன.

பதினோரு வருடம் அந்த இழுப்பறைகளைக் கழுவியவள் ஹெஸ்டர். எலி வளர்த்தவள் அவள். முட்டைக்குச் சூடு பார்த்தவள் அவள். போட்டிகளில் வென்ற கோப்பைகளில் மட்டும் ஃபானியின் பெயர்.

ஒரு முறை, ப்ளூம்ஃபொன்டைன் நகரத்துப் பாம்புக் கண்காட்சியில், "உங்க மனைவிக்கும் பாம்பு பழக்கமா?" என்று யாரோ கேட்டார்கள். "இவளா? தண்ணி வைக்கத் தெரியும்," என்றான் ஃபானி. கூடமே சிரித்தது. அந்தச் சிரிப்பு இன்னும் அவள் காதில்தான் இருந்தது.

அதே கூடத்தில், அவன் மேஜைக்கு நேர் எதிரே, தன் பெயரைப் பெரிதாக எழுதி, ட்ரீனாவின் குட்டிகளை அவள் வைக்க வேண்டும். அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். அதற்காகவே காத்திருந்தாள்.

இனி அவனால் போட்டி போட முடியாது. மூன்று கோப்பை வாங்கிய ஜெனரல், அந்த வெள்ளிக் கோட்டு ஆண் பாம்பு, மே மாதமே நுரையீரல் நோயில் செத்துவிட்டதாக நீதிமன்றத்தில் சத்தியம் செய்திருந்தான். சொல்லும்போது கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டான். ட்ரீனா எந்த ஆணோடும் சேராத பாம்பு என்றும் அதே சத்தியப் பத்திரத்தில் எழுதிக் கொடுத்திருந்தான்.

ட்ரீனா தின்று, சினைக்குத் தகுதியான ஒன்றரைக் கிலோவைத் தொட்டால், அடுத்த குளிர்காலத்தில் யாரிடமாவது ஓர் ஆணை இரவல் கேட்கலாம். தின்றால்தான்.

பெட்டியை இருட்டாக்கிப் பார்த்தாள். ஐந்து நாள் கிட்டேயே போகாமல் இருந்து பார்த்தாள். வெள்ளெலியை விட்டுவிட்டு, வயலில் ஓடும் பழுப்பு எலியை வைத்துப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. சனிக்கிழமைதோறும் மாவு நிறுக்கும் தராசில் பாம்பை நிறுத்தாள். இத்தனை பட்டினியிலும் ஒரு கிராம் குறையவில்லை. தராசுதான் கெட்டுவிட்டது என்று நினைத்தாள்.

இன்று, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ட்ரீனா உடம்பின் பின்பாதியை மெல்லப் புரட்டி, வெளிர் வயிற்றைச் சூட்டு விளக்கின் பக்கம் காட்டிப் படுத்தது.

ஹெஸ்டர் இடுக்கியைக் கீழே போட்டாள்.

இரு கைகளாலும் பாம்பைத் தூக்கி, விரல்களுக்கு நடுவே நழுவவிட்டாள். பாதி உடம்பு போனதும் விரல்கள் நின்றன. திரும்பவும் முதலிலிருந்து தடவினாள். உதடு மட்டும் ஏதோ எண்ணியது.

போன் அடித்தது. ரக்பி ஆட்டம் முடிந்திருக்கும். சனிக்கிழமை தவறாமல் ஃபானி கூப்பிடும் நேரம்.

"என்ன ஹெஸ்டர், மகாராணி இன்னைக்காவது வாயைத் திறந்தாளா?"

"இல்ல. மோந்துட்டுத் தலையை இழுத்துக்கிட்டா."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். "நான்தான் அப்பவே சொன்னேனே, உனக்குத் தண்ணி வைக்கத்தான் வரும்னு. கொண்டாந்து என்கிட்டயே விட்டுடு. வாயில்லா ஜீவனைக் கொன்னுடாத."

"உன்கிட்ட விட்டு என்ன பண்றது? ஜோடி சேர்க்க ஜெனரல்கூட இல்லையே."

ஃபானி குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அது விதி. மே மாசம் போச்சு. பீச் மரத்தடியில என் கையாலதான் குழி தோண்டினேன்."

"மே மாசம்தானே?"

"எத்தனை தடவை சொல்றது? சத்தியம் பண்ணிக் கையெழுத்தே போட்டிருக்கேன்."

"சரி சரி. நல்ல பாம்பு, பாவம்," என்று சொல்லி போனை வைத்தாள் ஹெஸ்டர்.

ட்ரீனாவின் வயிற்றுக்குள் ஏழு முட்டைகள் இருந்தன. வரிசையாக, எலுமிச்சம்பழம் கோத்த மாதிரி.

சினைப்பாம்பு இரை தொடாது; வயிற்றைச் சூட்டுக்குக் காட்டிப் படுக்கும். பதினோரு வருடமாக அவள் பார்த்த விஷயம்தான். ஆண் இல்லாத வீட்டில் சினை ஏது என்று அந்தப் பக்கமே யோசிக்கவில்லை.

ஜூலையில், சொத்தைக் கணக்கெடுக்க அதிகாரி வந்து ஒவ்வோர் இழுப்பறையாகத் திறந்து பார்த்தார். சுருண்டு கிடக்கும் ட்ரீனாவுக்கு அடியில் கைவிட்டுப் பார்க்க அவருக்கென்ன பைத்தியமா? சொத்துக் கணக்கில் வராமலிருக்க, ஜெனரலை ஃபானி அங்கேதான் ஒளித்து வைத்திருக்கிறான். ஒன்றரைக் கிலோ ஆகாத பெண்தானே, ஒன்றும் ஆகாது என்று நினைத்திருப்பான்.

குட்டிகள் வெளியே வரட்டும். அந்த வெள்ளிக் கோடு இந்த மாகாணத்தில் வேறு எந்தப் பாம்புக்கும் கிடையாது.

ட்ரீனாவைப் பெட்டிக்குள் பூப்போல இறக்கிவிட்டு, வக்கீல் புசெலெட்சோவைக் கூப்பிட்டாள்.

"சனிக்கிழமையும் விட மாட்டீங்களா ஹெஸ்டர்?" என்றாள் வக்கீல், தூக்கக் கலக்கத்தில். "என்ன, பாம்பு தின்னுடுச்சா?"

"தின்னல. ஆனா செத்துப்போன ஜெனரல் அப்பா ஆகப்போறான், வக்கீலம்மா. திங்கக்கிழமை கோர்ட்டு எத்தனை மணிக்குத் திறப்பாங்க?"